இருபத்து நான்கு நொடி

எங்கள் கட்டடத்துக்கு எதிரே எலெக்ட்ரா தெரு.
ஆறு தடம், நடுவில் ஒரு திட்டு,
திட்டில் ஊதாப் பூ, பூவுக்குச் சொட்டுநீர்க் குழாய்.
சிக்னலில் பச்சை மனிதன் இருபத்து நான்கு நொடி நடப்பான்.
அப்புறம் சிவந்து நின்றுவிடுவான்.

அந்தப் பக்கம் மீன் கடை.

இடுப்பில் புது மூட்டு வைத்த ஆறாம் வாரம்
ரானியா படிவத்தோடு வந்தாள்.
அலெக்சாண்ட்ரியாக்காரி. துடுப்புப் போடுகிறவளின் தோள்.
"உங்கள் இலக்கு என்ன, ஜெசிந்தா?"
மகள் முந்திக்கொண்டாள்: வலி இல்லாமல் இருந்தால் போதும்.
நான் சொன்னேன்: மீன்.
"சாப்பிடவா?"
இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க.
ஆப்பில் ஆர்டர் செய்தால் வருகிற மீனுக்குக் கண் கிடையாது,
துண்டு போட்டு, பிளாஸ்டிக்கில் மூச்சடக்கி வரும்.
முகம் தெரியாத மீனை நான் குழம்பில் விட்டதில்லை.
அவள் நீளமாக ஏதோ எழுதிக்கொண்டாள்.

நாற்காலியிலிருந்து எழுந்து
தரையில் ஒட்டிய நீல டேப் வரை மூன்று மீட்டர் போய்
திரும்பி வந்து உட்காரணும்.
பத்தொன்பது நொடி.
பன்னிரண்டுக்குள் வாங்க, ரோட்டைப் பற்றிப் பேசலாம் என்றாள்.

தூத்துக்குடி டிரங்க் போர்டில் பதினெட்டு வருடம்
காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவள் நான்.
மூன்று நிமிடம் ஆனதும் இடையில் புகுந்து
"டைம் முடிஞ்சுது, நீட்டிக்கணுமா?" என்பேன்.
அழுதுகொண்டிருந்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.
இந்த ரோட்டில் அப்படிக் கேட்க
ஒரு ஆபரேட்டர் இல்லை.

வாரத்துக்கு மூன்று நாள்.
சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கு.
கையை எடு, ஒரு விரல் மட்டும் வை.
அந்த விரலையும் எடு.
மஞ்சள் ரப்பர் பட்டை, பிறகு சிவப்பு.
பச்சைக்கு மாறிய அன்று ராத்திரி முழுக்கத்
தொடை என்னோடு பேசிக்கொண்டே இருந்தது.
நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.
வாஹித், இத்னேன், தலாத்தா என்று எண்ணுவாள்.
பத்து வந்தால் மறுபடி வாஹித்.
பத்துக்கு மேல் அரபியில் எண்ணே இல்லையோ
என்று எனக்குச் சந்தேகம்.

ஜூலையில் ஒரு வாரம் எதுவும் செய்யவில்லை.
பட்டையைச் சோபாவுக்கடியில் தள்ளிவிட்டுச்
"செய்தேன்" என்றேன்.
அவள் என் தொடையை அழுத்திப் பார்த்தாள்,
நான் செவுளைப் பார்க்கிற மாதிரியே.
ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து, சோபாவுக்கடியிலிருந்து பட்டையை எடுத்தாள்.

செப்டம்பர்: பதினான்கு. அக்டோபரில் பதினொன்றரை.

நவம்பர், வெக்கை இறங்கிய ஒரு செவ்வாய்.
மகள் ஆபீஸில். ரானியா வராத நாள்.
கைத்தடிக்குப் புது ரப்பர் குமிழ்.
பச்சை விழுந்தது.
எனக்கு முன்னால் எல்லோரும் ஓடிவிட்டார்கள்,
கோடுகள் மட்டும் எனக்காகக் கிடந்தன.
அந்தக் கரையில் கால் வைத்தபோது
இன்னும் நான்கு நொடி மிச்சம் இருந்தது.
யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

"ஃப்ரெஷ் அம்மா, ஃப்ரெஷ்" என்றான் கடைப் பையன்.
அதை மீன் சொல்லட்டும் என்றேன்.
நாலு மீனைப் புரட்டிப் போட்டேன்.
ஐந்தாவது விளமீன், செவுள் மாதுளை முத்து.
ஒன்றே முக்கால் கிலோ. வெட்டவேண்டாம், அப்படியே கொடு.

அந்த ஒன்றே முக்கால் கிலோவை
ரானியாவின் கணக்கிலும் என் கணக்கிலும்
யாரும் சேர்த்திருக்கவில்லை.
திரும்பும்போது நடுத்திட்டை எட்டியதும்
எண் ஏழு, ஆறு என்று இறங்கிக்கொண்டிருந்தது.
ஓடலாமா என்று இடுப்பைக் கேட்டேன்.
நின்றுவிட்டேன்.

இரண்டு பக்கமும் கார்கள்.
மிச்சமிருந்த டெலிவரி இளைஞன் ஒருவன்
பையை வாங்கக் கை நீட்டினான்.
வேண்டாம் தம்பி என்று சிரித்துப்
பையைக் கம்பத்தின் பட்டனில் மாட்டினேன்.
பச்சைக்கு இன்னும் ரொம்ப நேரம் இருந்தது.
கம்பத்தில் ஒரு விரலை வைத்துக்
குதிகாலைத் தூக்கினேன்.
வாஹித்.
இத்னேன்.
விரலை எடுத்தேன்.

பைக்குள்ளிருந்து மீன் பார்த்துக்கொண்டிருந்தது.